வாடிக்கையாளரே முதலாளி ஆகலாமா?
டுவிட்டரை வாங்கப் புறப்பட்டவர்களின் கதை

நம் சங்க உறுப்பினர் ஒருவர். பெயர் வேண்டாம். மளிகைக் கடை வைத்திருக்கிறார். 2020 ஊரடங்கு நாள்களில், கடைக்கு ஆள் வர முடியாத நிலையில், ஒரு சமூக ஊடகத்தில் கடையின் பெயரால் ஒரு பக்கம் தொடங்கினார். தினமும் காலை ஏழு மணிக்குத் துவரம் பருப்பு, கடலை எண்ணெய், மிளகாய் வற்றல் விலை அதில் வந்துவிடும். மூன்றே ஆண்டில் 11 ஆயிரம் பேர் அந்தப் பக்கத்தைத் தொடர்ந்தார்கள். 2023 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு காலையில் பக்கத்தைக் காணோம். "விதிமுறை மீறல்" என்று ஒரு வரி வந்திருந்தது. எந்த விதி, யார் புகார் செய்தார், யாரிடம் முறையிடுவது என்று ஒன்றும் இல்லை. எழுதிய கடிதங்களுக்கெல்லாம் இயந்திரமே பதில் அனுப்பியது.

"அண்ணாச்சி, கட்டிடக்காரன் கடையைப் பூட்டினால் கோர்ட்டுக்காவது போகலாம். இவனை எங்கே போய்ப் பிடிப்பது?" என்று சங்க அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைப் பின்பற்றிப் போனபோது கண்ணில் பட்ட செய்திகளைத்தான் இங்கே நம் வணிக அன்பர்களுக்குத் தருகிறோம்.

அவருடைய பக்கத்தில் விலைப்பட்டியலை எழுதியவர் அவர். படிக்க வந்தவர்கள் அவருடைய வாடிக்கையாளர்கள். அப்படி வந்தவர்களின் கண் முன்னே விளம்பரத்தை நிறுத்திப் பணம் பார்த்தது நிறுவனம். சரக்கும் நம்முடையது, கூட்டமும் நாம் சேர்த்தது. ஆனால் நிர்வாகத்தில் நமக்கு ஓர் ஓட்டுக்கூடக் கிடையாது. ஓட்டெல்லாம் பங்கு வைத்திருப்பவர்களுக்கே. அப்படியானால் பயன்படுத்துகிறவர்களே பங்குதாரர்கள் ஆகிவிட்டால் என்ன? அமெரிக்காவில் இதை வாய்ப்பேச்சோடு விடாமல் பங்குதாரர் கூட்டம் வரை கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள்.

2016-ஆம் ஆண்டு. டுவிட்டர் நிறுவனம் விலைக்கு வருகிறது என்று பேச்சு. தொடங்கிப் பத்து ஆண்டு ஆகியிருந்தது. மாதம் 30 கோடிக்கு மேற்பட்டவர்கள் பயன்படுத்தினார்கள். ஆண்டு வரவு 250 கோடி டாலர். கேட்டால் நல்ல வியாபாரம் என்றுதான் நாம் சொல்வோம். ஆனால் அந்த ஆண்டுக் கணக்கு 45 கோடி டாலருக்கு மேல் நட்டத்தில் முடிந்தது. ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு பங்குகளாகவும் அள்ளிக் கொடுத்ததே நட்டத்தின் பெரும்பகுதி. பங்குச் சந்தையின் குறையோ வேறு: பேஸ்புக் போல இது வளரவில்லையே என்பது. ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பாகாத கடையை அந்தச் சந்தை மதிப்பதில்லை. நம் கடைவீதியில் நாற்பது வருடமாக ஒரே அளவில் நடந்து மூன்று குடும்பங்களுக்குச் சோறு போடும் கடைகளை அங்கே கொண்டுபோனால் எல்லாவற்றையும் நோயாளிக் கடை என்றே எழுதிவிடுவார்கள்!

அந்தச் சமயத்தில், 2016 செப்டம்பரில், நாதன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் கற்பிப்பவர். டுவிட்டரைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்குவதற்கு முன், பயன்படுத்தும் நாமே கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கிவிடுவோம் என்பது அவர் யோசனை. பலர் சிரித்தார்கள். சிலர் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களில் டுவிட்டர் பங்கு வைத்திருந்தவர்களும் இருந்ததால், 2017 மே மாதம் நடந்த ஆண்டுக் கூட்டத்திற்கு ஒரு தீர்மானம் கொண்டுவர முடிந்தது. கம்பெனியை உடனே எழுதிக்கொடு என்று அவர்கள் கேட்கவில்லை. பயனர்களுக்குக் கூட்டுறவு முறையில் விற்பது சாத்தியமா என்று ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள். நிர்வாகக் குழு வேண்டாம் என்றது. விழுந்த ஓட்டில் ஆதரவு நூற்றுக்கு 5-க்கும் சற்றுக் குறைவு. தீர்மானம் தோற்றது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் என்ற ஒரே மனிதர் 4,400 கோடி டாலர் விலையில் அதே டுவிட்டரை வாங்கினார். ஏப்ரலில் விலை பேசி, ஜூலையில் வேண்டாம் என்று பின்வாங்கி, நிறுவனம் நீதிமன்றம் போன பிறகு வாங்கிய சரக்கு அது. வாங்கிய அடுத்த மாதமே ஊழியர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் வீட்டுக்குப் போனார்கள். பெயருக்குப் பக்கத்தில் வரும் நீலக் குறிக்கு மாதம் 8 டாலர் என்றார். 2023 ஜூலையில் பெயரையே எக்ஸ் என்று மாற்றினார். விளம்பர வரவு பாதியாகக் குறைந்துவிட்டது என்று அவரே அந்த மாதம் எழுதினார். 2025 மார்ச்சில் தம்முடைய இன்னொரு கம்பெனியோடு இதை இணைத்தபோது, கடன் போக 3,300 கோடி டாலர் என்று மதிப்புப் போட்டுக்கொண்டார். இரண்டு பக்கமும் அவரே என்பதால் அது சந்தை விலை என்று நாம் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இவற்றில் எது சரி, எது தவறு என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. சொத்து அவருடையது, அவர் இஷ்டம். நாம் பார்க்க வேண்டியது அந்த விலை வந்த விதம். 4,400 கோடியும் அவர் பையிலிருந்து வந்த பணம் அல்ல. கூட்டாளிகள் போட்ட முதல் ஒரு பகுதி. ஏறத்தாழ 1,300 கோடி டாலர் வங்கிக் கடன். அந்தக் கடன் வாங்கியவர் பெயரில் அல்ல, டுவிட்டர் பெயரிலேயே ஏறியது. கடையை வாங்க அந்தக் கடையையே ஈடு காட்டிக் கடன், அதைக் கட்டக் கடையின் கல்லா. வட்டி மட்டும் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் போகும் என்று அப்போது கணக்கிட்டார்கள்.

ஒரு தனிமனிதர் இப்படி வாங்கலாம் என்றால் ஒரு சங்கம் ஏன் வாங்கக்கூடாது என்பதுதான் ஷ்னைடர் போன்றவர்களின் வாதம். அமெரிக்காவில் இதற்கு முன்மாதிரியும் உண்டு. கலிபோர்னியா வழக்கறிஞர் லூயிஸ் கெல்சோ 1956-ல் ஒரு பத்திரிகை நிறுவனத்தை அதன் தொழிலாளர்களே வாங்கும்படி செய்தார். தொழிலாளர்களுக்காக ஓர் அறக்கட்டளை கடன் வாங்கும், அந்தக் கடனைக் கம்பெனியின் வருங்கால லாபம் அடைக்கும். 1974-ல் இதற்குச் சட்ட ஏற்பாடே வந்தது. இன்று அங்கே ஆயிரக்கணக்கான கம்பெனிகளில் தொழிலாளர்கள் இவ்வகையில் பங்கு வைத்திருக்கிறார்கள். தொழிலாளர்களுக்குச் செய்ததைப் பயனர்களுக்கும் செய்யலாம் என்கிறார்கள்.

நமக்குக் கூட்டுறவு என்ற சொல்லே கசப்பு. தனி அலுவலர், ரேஷன் வரிசை, நடக்காத சங்கத் தேர்தல் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வரும். அது மட்டுமல்ல, உலகம் கொண்டாடும் முதல் கூட்டுறவுக் கடை நம் தொழிலுக்கு எதிராகத் தொடங்கியதுதான். 1844 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர், அவர்களில் பலர் நெசவாளர்கள், தலைக்கு ஒரு பவுன் போட்டு ஒரு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி இவைதான் சரக்கு. கலப்படம் செய்கிற, எடை குறைக்கிற கடைகள் வேண்டாம் என்று வந்தவர்கள். ஆளுக்கு ஓர் ஓட்டு. லாபத்தை அவரவர் வாங்கிய சரக்கின் அளவுக்குப் பிரித்துக் கொடுப்பது. இவை அவர்கள் வைத்த விதிகள். சென்னையில் 1904-ல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், நம் டி.யு.சி.எஸ்., அந்த வழியில் வந்ததே.

ஆனால் மளிகைக் கடைக்காரர்களே கட்டிய கூட்டுறவும் உண்டு. அதை நம்மில் பலர் அறியமாட்டோம். ஜெர்மனி போனவர்கள் எடேகா என்ற பெயர்ப் பலகையை எந்த ஊரிலும் பார்த்திருப்பார்கள். அந்நாட்டின் மிகப் பெரிய மளிகை விற்பனை அமைப்பு அதுதான். 1898-ல் பெர்லினில் 21 சில்லறை மளிகைக்காரர்கள் சேர்ந்து காப்பிக்கொட்டை, சர்க்கரை போன்றவற்றை மொத்தமாகக் கொள்முதல் செய்ய ஒரு கூட்டுறவு வைத்தார்கள். 'குடியேற்ற நாட்டுச் சரக்கு வணிகர் கொள்முதல் கூட்டுறவு' என்று அதன் நீளப் பெயர். ஜெர்மன் மொழியில் அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து உச்சரித்தால் எடேகா. 1907-ல் பல ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து நாடு தழுவிய அமைப்பு ஆயின. இன்றும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைக்காரர்கள் தம் கடைக்குத் தாமே முதலாளி. கிடங்கு, லாரி, கொள்முதல் பேரம் எல்லாம் பொது. நெஸ்லே போன்ற பெரிய கம்பெனியிடமும் விலை ஒத்துவரவில்லை என்றால் அலமாரியிலிருந்து சரக்கை எடுத்துவிடும் தெம்பு அந்தச் சிறு கடைக்காரர்களுக்கு இருக்கிறது. 2018-ல் அப்படி எடுத்தும் காட்டினார்கள்.

தென் மாவட்டப் பேட்டைகளில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை வைத்துப் பொதுக் காரியம் நடத்திய நம் முன்னோரிடம் இதைச் சொன்னால், இதில் என்ன புதுமை என்று கேட்டிருப்பார்கள்.

இனி எதிர்க்கேள்விகளுக்கு வருவோம். வியாபாரி முதலில் கேட்பது விலை. டுவிட்டரில் 2022-ல் தினம் வந்து போனவர்கள் 23 கோடி 78 லட்சம் என்று நிறுவனமே கணக்குக் கொடுத்தது. 4,400 கோடியை அத்தனை பேருக்கும் வகுத்தால் தலைக்கு 185 டாலர். அன்றைய மாற்று விலையில் 15 ஆயிரம் ரூபாய்க்கு மேல். பத்தில் ஒருவர்தான் சேருவார் என்றால் சேருகிறவர் ஒவ்வொருவரும் ஒன்றரை லட்சம் போட வேண்டும். சும்மா கிடைக்கிற பொருளுக்கு யார் போடுவார்? கடன் வாங்கலாம் என்றால் அந்தக் கடனைக் கட்ட மறுபடியும் விளம்பரத்தைத்தான் கூட்ட வேண்டும். இந்த இடத்தில் ஷ்னைடரின் கணக்கு நமக்கு ஒட்டவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறோம்.

ஆனால் பெரிய முதல் வேண்டிய காரியத்தைக் கூட்டுறவு செய்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1930-களின் நடுவில் அமெரிக்கக் கிராமப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. நாலு மைலுக்கு ஒரு வீடு இருக்கும் இடத்தில் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று தனியார் மின் கம்பெனிகள் ஒதுங்கின. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் அரசு 1935-ல் ஒரு நிறுவனம் அமைத்துக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்தது. விவசாயிகள் சங்கம் வைத்துத் தாங்களே கம்பம் நட்டார்கள். அந்தச் சங்கங்கள் இன்னும் இருக்கின்றன. ஏறத்தாழ 900 மின் கூட்டுறவுகள், 4 கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு விளக்கு. மின்சாரம் போலச் செய்தித் தொடர்பும் வாழ்க்கைக்கு அவசியம் என்று ஓர் அரசு நினைத்தால் அப்படி நீண்ட காலக் கடன் கொடுக்கலாம். இன்றுவரை எந்த அரசும் நினைக்கவில்லை.

இரண்டாவது கேள்வி, கோடிக்கணக்கானவர் உறுப்பினர் என்றால் யார் கூட்டத்திற்கு வருவார்கள்? நம் சங்கப் பொதுக்குழுவுக்கு ஆள் சேர்க்க நாம் படும் பாடு நமக்குத் தெரியும். சாப்பாடு போட்டால்தான் வருகிறார்கள். அமெரிக்காவில் மலையேற்றச் சாமான் விற்கும் ஆர்.இ.ஐ. என்ற கூட்டுறவு 1938-ல் சியாட்டில் நகரில் தொடங்கியது. இப்போது 2 கோடிக்கு மேல் உறுப்பினர்கள். 30 டாலர் கட்டினால் ஆயுள் முழுவதும் உறுப்பினர். பெரும்பாலோர் தள்ளுபடிக்காகச் சேர்ந்தவர்கள், நிர்வாகத்தை எட்டிப் பார்ப்பதில்லை. நிர்வாகக் குழுவும் தனக்கு வேண்டியவர்களையே நிறுத்தி வந்தது. தொழிலாளர் சங்கம் சொன்ன ஆட்களை ஓட்டுச் சீட்டில் சேர்க்கவில்லை. 2025-ல் உறுப்பினர்கள் விழித்துக்கொண்டு, குழு நிறுத்திய மூவரையும் தோற்கடித்தார்கள். எண்பத்தேழு ஆண்டுச் சங்கத்தில் அப்படி ஒரு நாள் வந்தது என்பதில் ஆறுதலும் உண்டு, அவ்வளவு நாள் பிடித்ததே என்ற ஆயாசமும் உண்டு.

மூன்றாவது கேள்விதான் நமக்கு முக்கியமானது என்று தோன்றுகிறது. யார் உறுப்பினர்? கடைகளில் நாம் தேய்க்கும் விசா அட்டையின் கதை இதற்கு நல்ல பாடம். 1970-ல் அமெரிக்க வங்கிகள் சேர்ந்து தமக்குள் பொதுவாக வைத்துக்கொண்ட அமைப்பு அது. நெடுங்காலம் அதற்கு வெளிப் பங்குதாரர் கிடையாது, உறுப்பு வங்கிகளே சொந்தக்காரர்கள். அமைப்பு முறையில் கூட்டுறவுக்கு மிக நெருக்கம். ஆனால் அட்டையைத் தேய்க்கும் கடைக்காரர் உறுப்பினர் இல்லை. ஆகவே கமிஷன் வீதத்தைப் பற்றிய பேச்சில் கடைக்காரருக்கு ஓட்டும் இல்லை. பிறகு 2008 மார்ச்சில் அந்த அமைப்பைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோய் 1,790 கோடி டாலர் திரட்டிவிட்டார்கள். சமூக ஊடகக் கூட்டுறவு ஒன்று வந்தால், படிக்கிறவர், எழுதுகிறவர், அங்கே வேலை பார்க்கிறவர், அதை நம்பிக் கடை நடத்துகிறவர் ஆகிய நால்வரில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். சங்கத்தின் சொத்தை விற்க முடியாதபடியும் எழுத வேண்டும். இல்லையென்றால் விலை ஏறிய நாளில் உறுப்பினர்களே விற்றுவிட்டுப் போவார்கள்.

பெரிய கம்பெனியை வாங்குவதை விட்டுச் சிறியதாகத் தொடங்கியவர்களும் உண்டு. மாஸ்டடான் என்று ஒரு மென்பொருள். ஜெர்மனியில் ஓர் இளைஞர் 2016-ல் வெளியிட்டது, இலவசம். டுவிட்டர் போலவே இருக்கும், ஆனால் ஒரே கம்பெனியின் கையில் இல்லை. யார் வேண்டுமானாலும் அதை ஒரு கணினியில் நிறுவித் தனிச் சங்கம் போல நடத்தலாம். ஒரு சங்கத்தில் இருப்பவர் மற்றச் சங்கத்தில் இருப்பவருக்கு எழுதலாம், படிக்கலாம். நம் ஊர் டெலிபோன் எக்சேஞ்சிலிருந்து வேறு ஊருக்குப் பேசுவது போல. இப்படி ஆயிரக்கணக்கில் நடக்கின்றன. அவற்றில் சோஷியல் கூப் என்பது முழுக் கூட்டுறவாகவே 2017 முதல் நடந்து வருகிறது. உறுப்பினர் தம்மால் முடிந்த சந்தா கட்டுகிறார். எதை அனுமதிப்பது, எதை நீக்குவது, யாருக்குச் சம்பளம் என்று உறுப்பினர்களே பேசி ஓட்டுப் போடுகிறார்கள். விளம்பரம் இல்லை. ஒரு கணக்கை முடக்கினால் ஏன் என்று கேட்க மனிதர் இருக்கிறார். சின்னக் கடைதான். ஆனால் நட்டத்தில் மூடாமல் நடக்கும் சின்னக் கடை.

நமக்கு டுவிட்டரால் ஆகப்போவது அதிகமில்லை. நம் ஆர்டர் வருவது வாட்ஸ்அப்பில். அதன் கதையைத் திருப்பிப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. தொடக்கத்தில் முதல் ஆண்டு இலவசம், பிறகு ஆண்டுக்கு ஒரு டாலர் என்று வைத்திருந்தார்கள். விளம்பரம் கூடாது என்பது நிறுவியவர்களின் பிடிவாதம். 2014 பிப்ரவரியில் பேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு விலை பேசியபோது 45 கோடிப் பேர் பயன்படுத்தினார்கள், வேலை பார்த்தவர்கள் ஏறத்தாழ 55 பேர். ஐம்பத்தைந்து பேர்! ஆண்டுக்கு ஒரு டாலர் சந்தாவில் பாதிப்பேர் கட்டினாலே அந்த 55 பேரையும் நன்றாகவே வைத்துக்கொண்டு மிச்சமும் இருந்திருக்கும். உறுப்பினர் சந்தாவில் நடக்கும் சங்கத்திற்கு இதைவிடப் பொருத்தமான தொழில் இருந்ததில்லை. கேட்க ஆளில்லை. விற்பனை முடிந்தது.

2016-ல் ஒரு டாலர் சந்தாவை எடுத்துவிட்டார்கள். 2018-ல் பெரிய வணிக நிறுவனங்களுக்குச் செய்தி அனுப்பக் கட்டணம் வந்தது. 2021 ஜனவரியில் தாய்க் கம்பெனியோடு விவரம் பகிர்வதை ஏற்றுக்கொள் என்று நம் எல்லாருடைய போனிலும் அறிவிப்பு வந்ததே, நினைவிருக்கும். ஏற்காமல் நடக்க வழியில்லாத அந்த அறிவிப்புக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் தாய்க் கம்பெனிக்கு 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது, அது மேல்முறையீட்டுக்குப் போனது. 2025 ஜூனில் விளம்பரமும் வரும் என்று அறிவித்துவிட்டார்கள். கட்டணத்தை நாளை கடைக்காரர் தலையிலும் வைத்தால், 'எத்தனை வீதம்' என்று கேட்க நமக்கு அங்கே இருக்கை கிடையாது.

ஆகவே நம் அபிப்பிராயம் இதுதான். வளர்ந்து நிற்கும் பெரிய கம்பெனியைப் பயனர்கள் வாங்குவது இன்றைய விலையில் ஆகாத காரியம். அது சிறியதாக இருக்கும்போதே, முதல் போட்டவர்கள் வெளியேற விரும்பும் நாளில், பெரிய கம்பெனிக்குப் பதில் உறுப்பினர் சங்கத்திற்கு விற்கச் சட்டமும் கடனும் இருக்க வேண்டும். ஷ்னைடரும் இப்போது அதைத்தான் அதிகம் பேசுகிறார். இன்னொன்று அதைவிட எளிது: போன் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றிக்கொள்கிறோம் அல்லவா, அது போல நம் வாடிக்கையாளர் பட்டியலையும் தொடர்பையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குக் கொண்டுபோகும் உரிமை. ஐரோப்பாவில் 2024 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று பெரிய கம்பெனிகளின் செய்திச் சேவை மற்றச் சேவைகளோடு இணைய வழி விட வேண்டும் என்கிறது. நம் பேரமைப்புகள் டெல்லிக்கு மனுக் கொண்டுபோகும்போது ஜி.எஸ்.டி.க்குப் பக்கத்தில் இதற்கும் ஒரு வரி எழுதலாம்.

பக்கத்தை இழந்த நம் உறுப்பினர் இப்போது மறுபடியும் தொடங்கியிருக்கிறார். 900 பேர் சேர்ந்திருக்கிறார்கள். கூடவே கல்லாப் பெட்டிக்குக் கீழே ஒரு நீளமான நோட்டும் வைத்திருக்கிறார். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் பெயர், தெரு, போன் நம்பர் கேட்டுத் தம் கையாலேயே எழுதிக்கொள்கிறார்.